மேஜை மேல உள்ளங்கை படியுதான்னு பாருங்க

எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தருக்கு கைவிரல் மடங்கிப்போச்சுன்னா காரணம் சொல்ல டாக்டர் வேணாம், டீக்கடையிலயே மூணு காரணம் ரெடியா இருக்கும். ஒண்ணு குளிர். கோத்தகிரில எது வந்தாலும் குளிர்தான், பல்லு வலிச்சாலும் குளிர்தான். ரெண்டாவது, நரம்பு சுருட்டிக்கிச்சு, எண்ணெய் போட்டு நீவி இழுத்துவிட்டா சரியாயிடும். மூணாவது காரணத்த யாரும் சத்தமா சொல்லமாட்டாங்க, டம்ளர கையில கொடுக்காம கொஞ்சம் தள்ளி வைப்பாங்க, அதுலயே நமக்கு புரிஞ்சிடும். எங்க அப்பாவுக்கு வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைய பாத்து மடங்க ஆரம்பிச்சப்ப இந்த மூணும் எங்க காதுல விழுந்துச்சு. மூணுமே தப்பு. சரியான காரணத்த கண்டுபிடிச்சு ஆபரேஷன் வரைக்கும் போய் வந்த கதைய எழுதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க, அதான் இந்த போஸ்ட். நான் டாக்டர் இல்ல, கூட போய் உக்காந்து கேள்வி கேட்டு நோட்டுல எழுதி வச்சவ, அவ்வளவுதான்.

அப்பா டீ ஃபேக்டரில டீமேக்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு. டீமேக்கர் வேலைன்னா மெஷின் ஓட்டுறது மட்டும் இல்ல, வாடல் பாக்குறது, அதாவது பறிச்ச இலை பதமா வாடிடுச்சான்னு பாக்குறது, பெரிய வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் ட்ரஃப்ல, அதாவது இலைய வாடவைக்கிற நீளமான தொட்டில, கிடக்குற இலையில ஒரு பிடி எடுத்து இறுக்கி பிடிச்சு கைய விரிப்பாரு, உருண்டை கொஞ்ச நேரம் அப்படியே நின்னா வாடல் வந்துடுச்சு, பட்டுனு விரிஞ்சிட்டா இன்னும் காத்து போகணும். கையிலேயே தெரியும் அவருக்கு. ரிட்டயர் ஆகி சில வருஷம் கழிச்சு உள்ளங்கையில மோதிர விரலுக்கு நேர் கீழ ரேகை ஓடுற இடத்துல ஒரு சின்ன கட்டி, பக்கத்துல தோல் குழிஞ்ச மாதிரி ஒரு பள்ளம். வலியே இல்ல. தோட்டத்துல கவாத்துக்கத்தி பிடிச்சதுல காய்ப்பு காய்ச்சிருக்கும்னு விட்டுட்டாரு. அப்புறம் அந்தக் கட்டியில இருந்து விரல் பக்கமா தோலுக்கு அடியில ஒரு தடிச்ச இழை கிளம்புச்சு, தொட்டா கெட்டியா வில்லுக்கு நாண் கட்டுன மாதிரி நின்னுச்சு, விரல் மெதுவா மடங்க ஆரம்பிச்சுது.

இந்த வியாதில ஒரு வேடிக்கை என்னன்னா பிடிக்கிற சக்தி போகாது, விரிக்கிறதுதான் போகும். அதனாலதான் ஆளுங்க லேட்டா வராங்க. கத்தி பிடிக்கலாம், குடை பிடிக்கலாம், பஸ்ல கம்பி பிடிக்கலாம், ஒண்ணும் குறை தெரியாது. அப்பாவுக்கு எப்ப உறைச்சுதுன்னா முகம் கழுவுறப்ப சுண்டு விரல் கண்ணுல குத்துச்சு. பாக்கெட்டுக்குள்ள கை போகாது, போனா வெளிய வராது. டிசம்பர் ஜனவரில கையுறை போட முடியல. சோறு பிசையறப்ப ரெண்டு விரல் உள்ள மடங்கி நிக்கும், சாம்பார் உள்ளங்கை வரைக்கும் ஓடும். எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டாரு, ஆனா விபூதி பூசுறதத்தான் அவரால விட்டுக்கொடுக்க முடியல, மூணு விரல்ல இழுத்தா நெத்தியில ரெண்டு கோடுதான் விழுது, மோதிர விரல் ஒட்டவே மாட்டேங்குது. "என்ன கண்ணு, சாமி கும்புடுறதுல கூட ஒரு கோடு கட்டாயிடுச்சு"ன்னு சிரிச்சாரு, ஆனா அதுக்கு அடுத்த வாரமே கோயம்புத்தூர் போலாமான்னு அவரே கேட்டாரு.

அதுக்கு முன்னாடி எண்ணெய் வைத்தியம் நடந்துச்சு, அத சொல்லியே ஆகணும். கீழ சமவெளில ஒருத்தர் நல்லா நீவுவாருன்னு அத்தை சொல்லி, அவரு விரல பிடிச்சு இழுத்த இழுவைல கை வீங்கி கொஞ்ச நாள் அப்பாவால பல்லு கூட விளக்க முடியல. நீவுறவர குறை சொல்லல, அவருக்கு தெரிஞ்சது சுளுக்கு. இது சுளுக்கு இல்ல, நரம்பும் இல்ல, தசைநாரும் இல்ல, எலும்பும் இல்ல. உள்ளங்கைத் தோலுக்கு அடியில ஒரு மெல்லிசான நார் விரிப்பு எல்லாருக்கும் இருக்கு, நாம ஒரு பொருள இறுக்கி பிடிக்கும்போது தோல் வழுக்கிட்டு போகாம கெட்டியா பிடிச்சு வைக்கிறது அதோட வேலை. அந்த விரிப்புதான் தடிச்சு, கட்டியாகி, கயிறாகி, சுருங்குது. சுருங்கறப்ப விரலையும் கூடவே இழுத்துடுது. இத எண்ணெய் போட்டு இழுத்தா நீளாதுங்க.

வியாதியோட பேரு டுப்யூட்ரென்ஸ் காண்ட்ராக்சர். டாக்டர் சொன்னப்ப அப்பா ரெண்டு தடவ கேட்டாரு, மூணாவது தடவ "சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க சார்"னுட்டாரு. டுப்யூட்ரென்ங்கிறது பாரிஸ்ல இருந்த ஒரு சர்ஜன், 1831ல ஒரு ஒயின் வியாபாரிக்கு இதே மோதிர விரல் சுண்டு விரல் ஆபரேஷன் பண்ணி, அத பத்தி லெக்சர் கொடுத்தாரு, அதுல இருந்து அவரு பேரே வியாதிக்கு நின்னுடுச்சு. உண்மையில லண்டன்ல ஹென்றி க்ளைன்னு ஒருத்தர் 1777லயே இறந்தவங்க கைய அறுத்து பாத்து இது தசைநார்ல இல்ல, மேல இருக்கிற நார் விரிப்புலதான்னு கண்டுபிடிச்சிட்டாரு, அந்த வருஷம்தான் டுப்யூட்ரென் பொறக்கவே செஞ்சாரு. பேரு யாருக்கு போகும்னு யாரு சொல்ல முடியும். எனக்கு அந்த ஒயின் வியாபாரிய நினைச்சாதான் பாவமா இருக்கு, மயக்க மருந்து வந்ததே 1846லதான், அதுக்கு பதினஞ்சு வருஷம் முன்னாடி முழிச்சிக்கிட்டே கைய நீட்டி உக்காந்திருக்காரு மனுஷன்.

வடக்கு ஐரோப்பா ஆளுங்களுக்குத்தான் இது அதிகம். நம்ம ஆளுங்களுக்கு கம்மி, அதனாலயே பலருக்கு பேரு கூட தெரியல. ஐம்பது வயசுக்கு மேல, பெண்கள விட ஆண்களுக்கு ஜாஸ்தி, குடும்பத்துல ஓடும், சுகர் இருக்கவங்களுக்கு வர வாய்ப்பு கூட. இங்கிலாந்து பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சருக்கு 1986ல இதுக்கு ஆபரேஷன் நடந்துச்சு, அமெரிக்க அதிபர் ரீகனுக்கு 1989 ஜனவரில, பதவி முடியறதுக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்ப. டாக்டர் தமாஷா "ஏங்கய்யா, உங்க முன்னோர்ல வெள்ளக்காரங்க யாராச்சும் உண்டா"ன்னு கேட்டாரு. அப்பா கொஞ்சம் கூட யோசிக்காம "சல்லிவன் துரை எங்க ஊரு கன்னேரிமுக்குலதாங்க பங்களா கட்டுனாரு, ஆனா அந்தப் பக்கம் சம்பந்தம் எதுவும் வச்சுக்கல"ன்னாரு (சல்லிவன் அந்தக் காலத்து கோயம்புத்தூர் வெள்ளக்கார கலெக்டர்). நர்ஸ் சிரிச்சு முடிக்க நேரமாச்சு. டாக்டரும் சிரிச்சாரு, ஆனா காரணம் என்னமோ சுகரா இருக்கலாம்னுதான் சொன்னாரு, அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர்.

இப்ப அந்த மூணாவது காரணம், டம்ளர் தள்ளி வச்ச காரணம். குஷ்டத்துலயும் விரல் மடங்கும், பொய்யில்ல, அதுலயும் மோதிர விரலும் சுண்டு விரலும்தான் முதல்ல மடங்கும், முழங்கை பக்கம் போற அல்நார் நரம்பு பாதிக்கிறதால. அதனால சந்தேகம் வர்றத தப்புன்னு சொல்லமாட்டேன், ஆனா சந்தேகப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்பணும், டம்ளர தள்ளக்கூடாது. ரெண்டையும் பிரிக்கிறது அவ்வளவு கஷ்டமே இல்லன்னு டாக்டர் எனக்கு காட்டுனாரு. குஷ்டத்துல அந்த இடத்துல உணர்ச்சி போயிருக்கும், சூடு குளிர் தெரியாது, ஆரம்பத்துல நாம பிடிச்சு நிமித்துனா விரல் நிமிரும், ஏன்னா கோளாறு நரம்புல. அப்பாவோட விரல்ல ஊசி வச்சா துள்ளுறாரு, உணர்ச்சி முழுசா இருக்கு, ஆனா யாரு பிடிச்சு நிமித்துனாலும் நிமிராது, உள்ளங்கையில கட்டியும் கயிறும் கண்ணுக்கே தெரியுது. அது டுப்யூட்ரென். குஷ்டத்துக்கும் இன்னைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இலவசமா மருந்து இருக்கு, முழுசா குணமாகுது. அந்த வியாதில மடங்குன கைய ஆபரேஷன் பண்ணி நிமித்த முடியும்னு உலகத்துக்கு காட்டுனதே நம்ம வேலூர் சி.எம்.சி.லதான், பால் பிராண்ட்னு ஒரு டாக்டர், 1914ல கொல்லிமலைல பொறந்தவரு. மலைக்காரரு, அந்த வகையில நமக்கு சொந்தம்.

இன்னொன்னையும் குழப்பிக்கிறாங்க, ட்ரிக்கர் ஃபிங்கர். அதுல விரல் மடங்கி மாட்டிக்கும், மறு கையால இழுத்தா டக்குனு சத்தத்தோட விடும். அதுவும் சுகர்காரங்களுக்கு ஜாஸ்தி, ஆனா அது தசைநார் ஓடுற குழாய்ல வர்ற பிரச்சனை, பல பேருக்கு ஒரு ஊசியிலயே சரியாயிடும். அம்மாவுக்கு அது இருந்துச்சு, அதனால அம்மா "எனக்கு ஊசியில போச்சு, உங்களுக்கு மட்டும் என்ன ஆபரேஷன், செலவு பண்ண வழி பாக்குறாங்க"ன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

சரி விஷயத்துக்கு வரேன். எப்ப ஆபரேஷன் பண்ணணும்ங்கிறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். கட்டி மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ண வேணாம், நிறைய பேருக்கு அது வருஷக்கணக்கா அப்படியே நின்னுடும். மேஜை மேல உள்ளங்கைய கவுத்து வச்சு அழுத்திப் பாருங்க, கை முழுசும் மேஜைல படிஞ்சா காத்திருக்கலாம், படியாம அடியில இடைவெளி தெரிஞ்சா டாக்டர பாக்கணும். பொதுவா விரலோட அடி மூட்டு, அதாவது உள்ளங்கையும் விரலும் சேர்ற மூட்டு, 30 டிகிரி மடங்கிடுச்சுன்னா ஆபரேஷன் பத்தி பேசலாம்னு சொல்றாங்க. நடு மூட்டு மடங்க ஆரம்பிச்சா அவ்வளவு கூட காத்திருக்கக்கூடாது. காரணம், அடி மூட்டு எவ்வளவு லேட்டா வந்தாலும் பெரும்பாலும் நல்லா நிமிரும், நடு மூட்டு அப்படி இல்ல, ரொம்ப நாள் மடங்கியே கிடந்தா மூட்டைச் சுத்தி இருக்கிற ஜவ்வும் சேந்து சுருங்கிடும், அப்புறம் கயிற வெட்டி எடுத்தாலும் மூட்டு வராது. அப்பாவுக்கு மோதிர விரல்ல அடி மூட்டு, சுண்டு விரல்ல நடு மூட்டு. டாக்டர் முதல் நாளே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு, "மோதிர விரல் நிமிரும், சுண்டு விரல் முழுசா நிமிரும்னு நான் வாக்கு கொடுக்கமாட்டேன்". எனக்கு அந்த டாக்டர அதுக்காகவே பிடிச்சுது. முழுசா சரியாயிடும் முழுசா சரியாயிடும்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு பயம்.

வழி மூணு இருக்குன்னு சொன்னாரு. ஒண்ணு, மரத்துப்போற ஊசி போட்டுட்டு, ஊசி முனையாலயே தோல் வழியா அந்தக் கயிற அங்கங்க அறுத்து விட்டு விரல நிமித்திடுறது. பெரிய காயம் கிடையாது, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம், ஆனா கயிறு உள்ளயே இருக்கிறதால திரும்ப வர வாய்ப்பு அதிகம். ரெண்டாவது, அந்தக் கயிற கரைக்கிற கொலாஜினேஸ்னு ஒரு ஊசி மருந்து, அமெரிக்காவுல 2010ல அனுமதி கிடைச்சுது, ஐரோப்பாவுல 2020ல விக்கிறதயே நிறுத்திட்டாங்க, நமக்கு அந்தப் பேச்சே வேணாம்னுட்டாரு. மூணாவது, கைய திறந்து தடிச்ச நாரெல்லாம் வெட்டி எடுக்கிறது, ஃபேசியெக்டமி. அப்பாவுக்கு ரெண்டு விரல், அதுல ஒண்ணு நடு மூட்டு, அதனால மூணாவதுதான் சரின்னு முடிவாச்சு. தோலும் ரொம்ப கெட்டுப்போயிருந்தா தோலையும் எடுத்துட்டு வேற இடத்துல இருந்து தோல் வச்சு ஒட்டுவாங்களாம், அப்பாவுக்கு அது தேவைப்படல.

சுகர் மூணு மாச சராசரி 8க்கு மேல இருந்துச்சு, அத இறக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வறுக்கிய மறைச்சு வச்ச காலம் அது. ஊட்டி வறுக்கி வாசனைக்கு அப்பா கண்ணு எங்க போகும்னு அம்மாவுக்கு தெரியும், அரிசி டின்னுக்கு பின்னாடி வச்சாங்க, அங்கயும் குறையுது.

ஆபரேஷன் அன்னைக்கு விடியகாலையில கோத்தகிரில இருந்து குஞ்சப்பனை வழியா டாக்ஸில இறங்கினோம். முழு மயக்கம் கொடுக்கல, கழுத்தெலும்பு பக்கத்துல ஒரு ஊசி போட்டு அந்தக் கை மட்டும் மரத்துப்போக வச்சாங்க. மேல் கையில பட்டை கட்டி காத்தடிச்சு ரத்தம் வராம நிறுத்திடுறாங்க, ஏன்னா உள்ள எல்லாம் பொடிப்பொடி சாமான், ஒவ்வொரு விரலுக்கும் ரெண்டு பக்கமும் உணர்ச்சி நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது, சில பேருக்கு இந்தக் கயிறு நரம்ப சுத்திக்கிட்டு அத இடம் மாத்தி நடுவுக்கே இழுத்து வந்திருக்கும், தெரியாம வெட்டிட்டா விரல் நுனி மரத்தே போயிடும். அதனால சர்ஜன் கண்ணுல பூதக்கண்ணாடி மாட்டிக்கிட்டு ஒவ்வொரு நரம்பா தேடிப் பிரிச்சு ஒதுக்கி வச்சுட்டு அப்புறம்தான் நார எடுப்பாரு. கை ஆபரேஷன்ல தனியா பயிற்சி எடுத்தவங்ககிட்டதான் போகணும்னு நான் அடிச்சு சொல்றது இதுக்குத்தான். நமக்கு பக்கத்துல கோயம்புத்தூர்ல அப்படிப்பட்டவங்க இருக்காங்க, சென்னைல ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கை அறுவைக்குன்னே தனி பிரிவு இருக்கு. கீறலையும் நேர் கோடா போடமாட்டாங்க, வளைஞ்சு வளைஞ்சு போகும், நேரா போட்டா காயம் ஆறுறப்ப தழும்பே சுருங்கி விரல மறுபடியும் மடக்கிடுமாம்.

வெளிய வந்தப்ப கை மரத்தே இருந்துச்சு, ராத்திரி வரைக்கும். அப்பாவுக்கு அது பயங்கர வேடிக்கை, இடது கையால வலது கைய தூக்கி தூக்கி கீழ போட்டு பாத்துக்கிட்டு இருந்தாரு, நர்ஸ் வந்து திட்டுனாங்க.

கட்டு பிரிச்சப்பதான் அம்மா மயங்கி விழாத குறை. உள்ளங்கைல குறுக்கே ஒரு காயத்த தைக்காம திறந்தே விட்டிருந்தாங்க. "தைக்க மறந்துட்டாங்களா"ன்னு அம்மா என் காதுல கேட்டாங்க. மறக்கல, அது ஒரு முறை, மெக்காஷ்னு ஒரு சர்ஜன் 1964ல எழுதி பிரபலமாக்குனது. விரல் நிமிர்ந்ததும் உள்ளங்கைத் தோல் பத்தாம போகும், இழுத்து தைச்சா மறுபடி மடங்கும், உள்ள ரத்தம் கட்டும், திறந்து விட்டா தானா உள்ள இருந்து ஆறி மூடிக்கும். சில வாரம் ஆச்சு, ஆனா மூடிடுச்சு, இப்ப பாத்தா ஒரு ரேகை கூடுதலா இருக்கு அவ்வளவுதான், ஜோசியக்காரருக்கு வேணா குழப்பமா இருக்கும்.

டாக்டர் வேலை அதோட முடிஞ்சுது, நம்ம வேலை அங்கதான் ஆரம்பிக்குது. இத யாரும் முன்கூட்டி சரியா சொல்றதில்ல, அதனால நீளமா சொல்றேன். முதல் சில நாள் கைய நெஞ்சுக்கு மேலயே தூக்கி வைக்கணும், தொங்கவிட்டா வீங்கும், வீங்குனா விரல் இறுகும். டிரெஸ்ஸிங்குக்கு பஸ்ல போயிட்டு வர்றப்ப அப்பா கைய மேல தூக்கியே உக்காந்திருப்பாரு, மேட்டுப்பாளையம் தாண்டி கொண்டை ஊசி வளைவுல எல்லாம் கண்டக்டர் "இங்கெல்லாம் ஸ்டாப் இல்லீங்க பெரியவரே"ன்னு சொல்லிட்டே வந்தாரு. விரலுக்கு பயிற்சி ரெண்டு மூணு நாள்லயே ஆரம்பிச்சுட்டாங்க, மடக்கு நிமிர்த்து மடக்கு நிமிர்த்து, வலிச்சாலும். நிமித்துறதுல மட்டும் குறியா இருந்து மடக்குறத விட்டுட்டா அப்புறம் கை மூடாது, விரிஞ்சே நிக்கும், அது இன்னும் மோசம்னு பிசியோதெரபி பொண்ணு சொல்லுச்சு. சுடுதண்ணில போட்டா இளகுற ஒரு பிளாஸ்டிக் தகட்ட அப்பா கை அளவுக்கே வளைச்சு ஸ்ப்ளிண்ட் செஞ்சு கொடுத்தாங்க, ராத்திரி மட்டும் கட்டிக்கிட்டு தூங்கணும், சில மாசத்துக்கு.

இங்க நம்ம குளிர் நிஜமாவே வேலைய காட்டுச்சு, வியாதிக்கு காரணம் இல்லாட்டியும் ஆபரேஷன் பண்ண கைக்கு குளிர் ஆகாது. காலையில எழுந்தா விரல் மரக்கட்டையா நிக்கும், பனி விழுந்த நாள்ல கேக்கவே வேணாம். காயம் முழுசா மூடுன பிறகு வெதுவெதுப்பான தண்ணில கைய வச்சிருந்து அப்புறம் பயிற்சி பண்ணா கொஞ்சம் சுலபம். உணர்ச்சி முழுசா திரும்பாத விரல வச்சு அடுப்புகிட்ட கை காயாதீங்க, சுட்டுக்கிட்டாலும் தெரியாது. பிசியோவுல பிசையறதுக்கு ஒரு களிமண் உருண்டை கொடுத்தாங்க, அது வேணாம்னுட்டு அப்பா சப்பாத்தி மாவ பிசைய ஆரம்பிச்சாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சமையல்கட்டுக்குள்ள எட்டிப் பாக்காத மனுஷன் ஒரு சீசன் முழுக்க எங்க எல்லாருக்கும் மாவு பிசைஞ்சாரு, அம்மா இதுக்கு மட்டும் அந்த டாக்டருக்கு கோயில் கட்டலாம்னாங்க.

நடுவுல ஒரு மோசமான கட்டமும் வந்துச்சு. கை சிவந்து, பளபளன்னு வீங்கி, தொட்டாலே எரியுதுன்னாரு. சில பேருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படி நரம்பு தாறுமாறா துடிச்சு கை இறுகிப்போற நிலைமை வரும், சும்மா விட்டா மொத்தமும் வீணாகும். அன்னைக்கே போன் பண்ணோம், மாத்திரை மாத்துனாங்க, பயிற்சிய மெதுவாக்குனாங்க, அடங்கிடுச்சு. வலிக்குதேன்னு பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க, போன் பண்ணுங்க.

செலவு பத்தி நிறைய பேர் கேக்குறீங்க. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ரொம்ப வித்தியாசம், நான் ஒரு தொகை எழுதி அத வச்சு நீங்க சண்டை போடவேணாம். காப்பீட்டு அட்டை இருந்தா கவுண்டர்ல முதல்லயே காட்டி இந்த ஆபரேஷன் அதுல வருமான்னு எழுத்துல கேட்டுக்குங்க. பிசியோவுக்கும் ஸ்ப்ளிண்ட்டுக்கும் போக்குவரத்துக்கும் தனியா எடுத்து வைங்க, மலை மேல இருந்து போறவங்களுக்கு அதுதான் இழுக்கும். பாதி பேர் பிசியோவ நடுவுல விடுறதே பஸ்ஸுக்கு பயந்துதான்னு நினைக்கிறேன்.

இப்ப எப்படி இருக்குன்னா, மோதிர விரல் நேரா வந்துடுச்சு, மூணு கோடு விபூதியும் வந்துடுச்சு. சுண்டு விரல் டாக்டர் சொன்ன மாதிரியே முக்கால்வாசி வந்து நின்னுடுச்சு, நுனில கொஞ்சம் மரப்பு இன்னும் இருக்கு. இந்த வியாதிய வேரோட எடுக்க முடியாது, வெட்டுனது போயிடும், பக்கத்துல இருக்கிற நார் வருஷங்கள் கழிச்சு திரும்ப தடிக்கலாம், அப்ப மறுபடி பாக்கணும், ரெண்டாவது தடவ ஆபரேஷன் தழும்புக்குள்ள பண்றதால நரம்புக்கு ஆபத்து கூட. இடது கையிலயும் ஒரு சின்ன கட்டி ஆரம்பிச்சிருக்கு. மேஜைல ஃப்ளாட்டா படியுது, அதனால ஒண்ணும் பண்ணல, வருஷத்துக்கு ரெண்டு தடவ வந்து காட்டச் சொல்லியிருக்காங்க. அடுத்து போறப்ப துடியலூர்ல அத்தை வீட்டுல இறங்கி மதிய சாப்பாடு முடிச்சுட்டுதான் ஆஸ்பத்திரின்னு அம்மா இப்பவே முடிவு பண்ணிட்டாங்க, நீவுறவர் விலாசம் கொடுத்ததும் இதே அத்தைதான், அப்பா அங்க என்ன பேசப் போறாருன்னு நாங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்.